சமூகவியற் கல்வியும் யாழ்ப்பாணமும்

கல்விப் பொதுத் தராதர உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளிவந்து, பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிகளும் அறிவிக்கப்படுங் காலத்திலே, கலைப்பிரிவில் இடம்பெற்ற நமது மாணாக்கர் சிலர் ஆண்டுதோறும் எம்மை நாடி வந்து ஒரு வினாவை வினவுவர். சமூகவியலைப் பாடமாகத் தெரிந்தெடுக்கலாமா என்பதே அவ்வினா. அவர்தம் பெற்றோர் வினவுவது வேறொன்று: "அதைப் படிச்சு என்ன உத்தியோகம் எடுக்கலாம், சேர்?" இரண்டும் நியாயமான வினாக்களே. சமூகவியல் நம் நாட்டுப் பாடசாலைகளில் உயர்தர வகுப்பிற் கற்பிக்கப்படும் பாடமன்று. தமிழும் வரலாறும் புவியியலும் இந்து நாகரிகமும் கற்றுச் செல்லும் மாணவர் அதனை முதன்முதலாகச் சந்திப்பது பல்கலைக்கழகத்திலேயே. அறியாத பொருளொன்றைத் தெரிந்தெடுக்கவேண்டிய நிலை அவர்களுடையது. இத்துறை யாது, அது நம் யாழ்ப்பாணத்துக்கு எவ்வாற்றால் வேண்டப்படுவது என்பவற்றைப் பழைய மாணவர்க்கும் இன்றைய மாணவர்க்கும் உடனாசிரியர்க்கும் ஒருவாறு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவரல்லேம். ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி பெற்றுத் தமிழ் கற்பித்து வருபவர். ஆயினும், நம்மிடங் கற்றுச் சென்றோர் தம் இறுதியாண்டு ஆய்வேட்டின் தமிழ்நடையைத் திருத்தித் தருமாறு கொணர்ந்து தருவதுண்டு. அவ்வாறு பல ஆண்டுகளாக அத்துறையின் வாயிலில் நின்று உள்ளே நோக்கும் வாய்ப்பு எமக்குக் கிடைத்தது. அங்குக் கண்டவற்றையும், அக்காரணத்தாற் படிக்க நேர்ந்த நூல்களிற் கற்றவற்றையுமே ஈண்டுக் கூறுகின்றோம்.

முதலில் ஓர் எடுத்துக்காட்டுடன் தொடங்குவோம். "சீதனக் கொடுமை" என்னுந் தலைப்பிலே மாணவர் எழுதிய கட்டுரைகளை நாம் நூற்றுக்கணக்கில் திருத்தியிருக்கிறோம். அவை ஏறக்குறைய ஒரே வடிவின. முன்னுரையிலே சீதனம் ஒரு சமூகப் பிணி எனப்படும். நடுவிலே கண்ணீருங் கம்பலையுமாக நிற்குங் கன்னியர் வருவர். முடிவுரையிலே இளைஞர் திரண்டெழுந்து அதனை ஒழிப்பாராக என்ற வேண்டுகோள் வரும். கட்டுரைக்கு நல்ல புள்ளியுங் கிடைக்கும். எழுதியவரே பத்தாண்டு கழித்து மணவறை ஏறும்போது, சீதன உறுதி அதற்கு முன்னரே நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டிருக்கும். இதனைப் போலிமை என்று நகையாடுதல் எளிது. சமூகவியல் நகையாடுவதில்லை. எல்லாருந் தீதென்று கூறும் ஒன்று எல்லாராலும் எவ்வாறு தொடரப்படுகின்றது என்று அது வினவும்.

விடையைத் தேடப் புகுந்தால், முதலிற் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். நம் தேசவழமைச் சட்டம் சொத்தினை முதுசம், உரிமை, சீதனம், தேடியதேட்டம் எனப் பகுத்துரைக்கும். சீதனமாக எழுதப்படும் வீடும் காணியும் பெண்ணுக்குரிய சொத்து. ஆகவே தமிழகத்தார் வரதட்சணை என்பதும் நாம் சீதனம் என்பதும் ஒன்றல்ல. சீதனத்துக்குப் புறம்பாக மாப்பிள்ளை வீட்டாருக்கு ரொக்கமாகக் கொடுப்பதை நம்மவர் "டொனேஷன்" என்பர். வரதட்சணையோடு ஒப்பிடத்தக்கது அதுவே. அந்த ரொக்கம் எங்கே போகிறது என்று பின்தொடர்ந்து பார்த்தல் வேண்டும். மாப்பிள்ளைக்குத் தங்கை இருப்பின், பெரும்பாலும் அஃது அவளுடைய கல்யாணத்துக்குச் செலவாகும். மகனால் வந்தது மகளாற் போகும். மகளைப் பெற்ற அடுத்த வீட்டாரும் தம் மகனுக்கு வருவதை எதிர்பார்த்திருப்பர். இவ்வாறு வீடுகள் ஒன்றோடொன்று சங்கிலிபோற் கோக்கப்பட்டுள்ளன. ஒரு வீட்டார் நல்லெண்ணத்தால் வாங்காது விடின், அதற்கான விலையை அவ்வீட்டு மகள் கொடுக்க நேரும். ஆதலின், தனியொருவரின் நற்குணம் மாத்திரம் இதனை முடிவுக்குக் கொண்டுவராது. வாங்குதலும் கொடுத்தலும் ஒருங்கே தளரும் வழிகள் எவையென ஆராய்தல் வேண்டும். பெண்கள் உத்தியோகம் பார்த்தல், கடல் கடந்த சகோதரர் பணம் அனுப்புதல், காணியின் விலை ஏறுதல் என்பன சங்கிலியின் எக்கண்ணியை இறுக்குகின்றன, எக்கண்ணியைத் தளர்த்துகின்றன? இவ்வாறு வினவத் தொடங்கும் மாணவர் சமூகவியலுக்குள் நுழைந்துவிட்டனர் என்க.

இனி, இரு துறைகளின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். ஐரோப்பாவிலே கைத்தொழிற் புரட்சியும் பிரெஞ்சுப் புரட்சியும் பழைய வாழ்க்கையைக் குலைத்த பின்னர், மாறிவருஞ் சமூகத்தை முறையாக ஆராயவேண்டும் என்ற எண்ணம் அறிஞரிடையே எழுந்தது. பிரெஞ்சு அறிஞர் ஒகுஸ்த் கொம்ற் 1838 ஆம் ஆண்டளவிலே இத்துறைக்குப் பெயரிட்டார். கார்ல் மாக்ஸ், எமில் டேர்க்கைம், மக்ஸ் வெபர் ஆகிய மூவரின் நூல்கள் இன்றும் இத்துறையின் அடித்தளமாகக் கற்பிக்கப்படுகின்றன. மானிடவியலோ, ஐரோப்பியர் தமக்குப் புறம்பான மக்களை அறிய முற்பட்டதில் தோன்றியது. குடியேற்ற ஆட்சியின் நிழலிலே வளர்ந்தது. பண்பாடு என்பது அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம் யாவுஞ் சேர்ந்த முழுமை எனும் விளக்கத்தை எட்வேட் டைலர் 1871 இலே தந்தார். முதலாம் உலகப் போர்க் காலத்திலே புரோனிஸ்லோ மலினோவ்ஸ்கி துரோபிரியண்ட் தீவுகளில் அம்மக்களோடு நெடுநாள் வாழ்ந்து, அவர்தம் மொழியைக் கற்று, கண்டவற்றை நாடோறும் குறித்தார். 1922 இல் வெளிவந்த அவரது நூலுக்குப் பின்னர், கள ஆய்வு இன்றி மானிடவியல் இல்லை என்றாயிற்று. சுருங்கச் சொல்லின், சமூகவியலார் பெரும்பாலுந் தம் சமூகத்தை எண்ணிக்கையாலும் ஒப்பீட்டாலும் ஆராய்ந்தனர். மானிடவியலார் பிறர் சமூகத்தை உடன்வாழ்ந்து ஆராய்ந்தனர். நம் நாட்டிலே இவ்வெல்லைக்கோடு அத்துணை இறுக்கமானதன்று. இரு துறைகளின் முறைகளையும் ஒரே மாணவர் கையாளுகின்றனர்.

எண்ணிக்கையின் வலிமையைக் காட்டுதற்கு டேர்க்கைம் 1897 இல் எழுதிய நூல் பெயர்பெற்றது. அது தற்கொலை பற்றியது. ஒரு வீட்டில் நேர்ந்த அத்தகைய மரணம் அவ்வீட்டாரின் தீராத் துயர். ஆனால் ஒரு நாட்டின் விகிதம் ஆண்டுக்காண்டு ஏறக்குறைய ஒரே அளவில் நிற்குமாயின், அதற்குச் சமூகத்திலும் காரணந் தேடல்வேண்டும் என்றார் அவர். நம் நாட்டையே பார்ப்போம். 1995 இலே இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் என்ற அளவில் இவ்விகிதம் உலகின் மிகவுயர்ந்த விகிதங்களுள் ஒன்றாக இருந்தது. கொடிய கிருமிநாசினிகள் சில 1995 இலும் 1998 இலும் தடைசெய்யப்பட்டபின், பத்தாண்டளவில் அது பாதியாகக் குறைந்தது. தோட்டக்காரனின் கொட்டிலிலே எந்தப் போத்தல் இருந்தது என்பதும் ஒரு சமூகக் காரணியே என்பதை இது காட்டிற்று. எண்ணிப் பார்த்தமையாலேயே அது புலப்பட்டது. புலப்பட்டமையாற் பல உயிர்கள் காக்கப்பட்டன.

மானிடவியலின் கண்ணோட்டத்துக்கு நம் உறவுமுறைச் சொற்களே ஏற்ற சான்று. தந்தையின் சகோதரருடைய மக்களையும், தாயின் சகோதரியருடைய மக்களையும் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை என்கிறோம். மாமன் மக்களும் மாமி மக்களும் மச்சான், மச்சாள் ஆவர். ஆங்கிலத்தார் இவ்வனைவரையும் "கசின்" என்ற ஒரே சொல்லால் அடக்கிவிடுவர். நமக்கோ முதல் வகையாரை மணத்தல் நினைத்தற்கும் ஒவ்வாதது. இரண்டாம் வகையார் முறையானோர். குழந்தையாய் இருக்கும்போதே கற்ற இச்சொற்கள் ஒரு மணவிதியையே தம்முள் அடக்கியிருக்கின்றன என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அமெரிக்க அறிஞர் லூவிஸ் ஹென்றி மோகன், தம் நாட்டுச் செனெக்கா ஆதிகுடிகளின் உறவுச் சொற்களை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, தமிழ்ச் சொற்களின் அட்டவணையைக் கண்டு வியப்புற்றார். இரு மொழிகளும் உறவினரை வகுத்த முறை பெரிதும் ஒத்திருந்தது. உலகமெங்குமுள்ள உறவுமுறைகளை ஒப்பிட்டு அவர் எழுதிய பெருநூல் 1871 இல் வெளிவந்தது. அவருக்குத் தமிழ்ச் சொற்களைத் தந்துதவியோர் தென்னிந்தியாவிற் பணிபுரிந்த ஸ்கடர் குடும்பத்து மிஷனரிமார். அக்குடும்பத்தின் முதல்வரான வைத்தியர் ஜோன் ஸ்கடர், சென்னைக்குச் செல்லுமுன் 1820 முதல் நம் பண்டத்தரிப்பிலே வைத்தியஞ் செய்தவர். இன்று உலகின் எப்பல்கலைக்கழகத்தில் உறவுமுறை கற்பிக்கப்படினும், "திராவிட உறவுமுறை" என்பது அங்கு ஒரு கலைச்சொல். நம் வீட்டு முற்றத்தில் வழங்குஞ் சொற்களிலிருந்து ஓர் அறிவுத்துறையின் தலையாய பகுதி தோன்றியதென்பதை நம் மாணவர் அறிதல் வேண்டும்.

நம்மைப் பற்றி எழுதியோர் யாவர் என்று நோக்கின், பிறிதொன்று புலனாகும். யாழ்ப்பாணத்தாரின் வழமைகளை முதலில் ஒழுங்குபடுத்தி எழுதியவர் ஒல்லாந்த திசாவையான கிளாஸ் ஐசாக்ஸ். ஆளுநர் சைமன்ஸ் இட்ட கட்டளைப்படி அவர் எழுதி முடித்தது 1707 இல். தமிழ் முதலிமார் பன்னிருவர் அதனைப் பார்வையிட்டு ஏற்றுக்கொண்டனர். ஆங்கிலேயர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்டவலு அளித்தனர். கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி நம்மவருள் முன்னோடியாக நின்று, பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தமிழரின் சாதிகளையும் வழக்கங்களையும் பற்றி எழுதினார். வேடர் பற்றிய செலிக்மன் தம்பதியரின் நூல் 1911 இல் வந்தது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மைக்கல் பாங்ஸ் 1950களில் யாழ்ப்பாணத்துக் கிராமங்களை ஆராய்ந்தார். யாழ்ப்பாணத்துச் சாதியமைப்புப் பற்றிய அவரது கட்டுரை, எட்மண்ட் லீச் பதிப்பித்த தொகுதியில் 1960 இல் வெளிவந்தது. அமெரிக்கரான பிறையன் பஃபன்பேர்கரின் நூல் 1982 இல் வெளிவந்தது. ஐசாக்ஸ் தொட்டு பஃபன்பேர்கர் வரை, நம் வளவுகளையும் கோயில்களையும் நுணுகி நோக்கியோருட் பெரும்பாலார் புறத்தேயிருந்து வந்தோரே. அவர்களிற் குறை காணல் நம் நோக்கமன்று. விருந்தினரின் கண்ணுக்கு வீட்டாருக்குத் தெரியாத பல தெரியும். ஆனால் வீட்டாருக்கு மாத்திரமே தெரிந்த சிலவும் உள.

பல்கலைக்கழகக் கல்வியாக இத்துறை இலங்கையில் வேரூன்றியது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 இல் நிறுவப்பட்டது. 1940களின் பிற்பகுதியிலே அமெரிக்கரான பிறைஸ் றயன் அங்குச் சமூகவியலின் முதற் பேராசிரியராக வந்தார். இலங்கைச் சாதியமைப்புப் பற்றிய அவரது நூல் 1953 இல் வெளிவந்தது. அப்பல்கலைக்கழகத்தின் மாணவராயிருந்து உலகப் புகழ் எய்திய மானிடவியலாளர் இருவர். ஒருவர் 1929 இற் பிறந்து 2014 இல் மறைந்த ஸ்ரான்லி ஜெயராசா தம்பையா. மற்றவர் 1930 இற் பிறந்து 2025 இல் மறைந்த கணநாத் ஒபேசேகர. தம்பையா பின்னாளில் ஹாவாட்டிலும், ஒபேசேகர பிரின்ஸ்ரனிலும் பேராசிரியர்களாய் விளங்கினர். பெண்ணின் சீதனத்தையும், மணமகன் வீட்டார் கொடுக்கும் பரிசத்தையும் ஒப்பிட்டு, ஜக் கூடியும் தம்பையாவும் 1973 இல் வெளியிட்ட நூல் இன்றும் கற்கப்படுகின்றது.

தம்பையாவின் வாழ்விலே நிகழ்ந்ததொன்றை இளங்கலை மாணவர் ஒவ்வொருவரும் அறிதல் நன்று. 1956 ஆம் ஆண்டு யூன் மாதத்திலே, அவர் தம் மாணவர் குழுவினருடன் கல்லோயாக் குடியேற்றத் திட்டத்திற் கள ஆய்வு செய்துகொண்டிருந்தார். தனிச் சிங்களச் சட்டத்தையொட்டி அங்கு இனக்கலவரம் மூண்டது. குடியேறிய விவசாயிகளின் வாழ்க்கையை ஆராயச் சென்றோர், மக்கள் ஒருவரையொருவர் வேட்டையாடுவதைக் காணும் நிலை ஏற்பட்டது. சில ஆண்டுகளில் அவர் நாட்டை விட்டு நீங்கினார். தாய்லாந்திலே பௌத்தத்தை ஆராய்ந்தார். ஆயினும் கல்லோயாவிற் கண்டது அவரை விட்டகலவில்லை. 1983 கலவரத்தின் பின் இலங்கையின் இனமுரண்பாட்டைப் பற்றி 1986 இலே நூலெழுதி, தெற்காசிய இனக்கலவரங்களையே பிற்காலத்தில் தம் ஆய்வுப் பொருளாக்கினார். கள ஆய்வு என்பது குறிப்பேட்டில் எழுதுவதோடு முடிவதன்று என்பதற்கு வேறு சான்று வேண்டா.

யாழ்ப்பாணத்திலே பல்கலைக்கழக வளாகம் 1974 இல், திருநெல்வேலியிற் சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் நிலத்திலே, பேராசிரியர் கைலாசபதியை முதற்றலைவராகக் கொண்டு ஆரம்பமாயிற்று. 1979 இற் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. சமூகவியல் அங்குத் தமிழிலேயே கற்பிக்கப்படுகின்றது. சமூகவியற் பேராசிரியரான என். சண்முகலிங்கன் அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தவர்; இத்துறை நூல்களைத் தமிழில் எழுதியவர். தமிழகத்திலே பக்தவத்சல பாரதி எழுதிய "பண்பாட்டு மானிடவியல்" 1990 இல் வெளிவந்து, நம் மாணவரின் கைகளிலும் புழங்குகின்றது. எனினும், மூலநூல்களுட் பெரும்பாலானவை ஆங்கிலத்திலேயே உள்ளன. ஆங்கில நூலைத் தாமே படித்து விளங்கும் ஆற்றலில்லாதவர், விரிவுரைக் குறிப்பின் எல்லைக்குள்ளேயே நின்றுவிடுவர். உயர்தர வகுப்பில் இருக்கும்போதே அதற்கு ஆயத்தஞ் செய்தல் வேண்டும்.

சிறப்புக் கலைமாணிப் பட்டத்துக்குப் பயில்வோர் நான்காண்டு கற்பர். கோட்பாடு, ஆய்வு முறையியல், புள்ளிவிபரம், குடும்பம், சமயம், கிராமம், நகரம், பால்நிலை எனப் பல பகுதிகளைக் கற்றபின், இறுதியில் ஓர் ஆய்வேடு எழுதுவர். அதற்காகத் தம் ஊருக்கே திரும்பி வருவோர் பலர். ஊர்ப்படம் கீறல், வீடுகளைக் கணக்கெடுத்தல், வம்சாவளி குறித்தல், கோயில் திருவிழாவிலே எந்நாள் எவருடைய உபயம் என்று வினவல் ஆகிய வேலைகள் இலகுவானவை போலத் தோன்றும். வேலையைத் தொடங்கியதும் இடர்ப்பாடு தெரியும். பிறந்து வளர்ந்த ஊரிலே, எதுவும் வினவத்தக்கதாய்த் தோன்றுவதில்லை. கிணற்றடியும் மதகடியும் தேர்முட்டியும் காற்றைப்போற் பழகிப்போனவை. பழகியதைப் புதிதாக நோக்கும் பயிற்சியே இக்கல்வியின் முதற்பயன்.

அதனினும் பெரிய இடர்ப்பாடு, வாய் சொல்வதற்கும் கை செய்வதற்கும் இடையேயுள்ள தூரம். "இப்ப ஆர் சாதி பாக்கினம்?" என்று ஊரார் மாணவருக்கு விடையளிப்பர். அதே ஊரார் ஒரு சம்பந்தம் பேசும்போது "அவை என்ன ஆக்கள்?" என்று குரலைத் தாழ்த்தி வினவுவர். "ஆக்கள்" என்பது அவ்விடத்து மனிதர் என்று பொருள்படாதென்பதைத் தமிழ் கற்பிக்கும் நாமும் அறிவோம், கேட்பவரும் அறிவர். எவரையும் புண்படுத்தாது இதனை ஆராய்தற்கு ஒரு வழி உண்டு. பத்திரிகைகளில் வரும் மணமகள் தேவை, மணமகன் தேவை விளம்பரங்களை ஓராண்டுக்குச் சேர்த்து, எத்தனை விளம்பரங்கள் சாதியைக் குறிப்பிடுகின்றன, எத்தனை தொழிலையும் வெளிநாட்டுக் குடியுரிமையையுங் குறிப்பிடுகின்றன என்று எண்ணிப் பார்க்கலாம். இதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. வாயால் மறுக்கப்படுவது அச்சிலே ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கும்.

நம் கல்லூரிகளின் வரலாறும் இதற்குப் புறம்பானதன்று. வகுப்பறையிலே எல்லாப் பிள்ளைகளும் சமமாக வாங்கிலிருந்து கற்கவேண்டும் என்ற ஏற்பாடு 1930 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் வந்தபோது, யாழ்ப்பாணத்திலே கடும் எதிர்ப்பு எழுந்தது. அதற்கு ஆதரவாக நின்றோர் யாழ்ப்பாண இளைஞர் காங்கிரசார். அவ்வியக்கத்தின் முன்னணியில் நின்ற ஹண்டி பேரின்பநாயகம் பின்னாளிற் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராய் விளங்கினார். 1957 இலே சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும், 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே உள்ளே செல்ல வேண்டிநின்றோர் தடுக்கப்பட்டனர். இவை நடந்தவை. விழா மலர்களில் கட்டடங்களின் திறப்பு விழாவையும் விளையாட்டுக் கேடயங்களையும் நிறையக் காண்கிறோம். நம் வாங்குகளில் எவர் எப்போது வந்து அமர்ந்தனர் என்பதைச் சேர்வுப் புத்தகத்தைக் கொண்டு எழுதிய பக்கம் அரிது. அப்பக்கத்தை எழுதுதற்குரிய பயிற்சி பெற்றோர் இன்று நம் பழைய மாணவரிடையே உளர்.

காலமும் நமக்காகக் காத்திராது. யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டது 1990 ஒக்ரோபர் 30 இல். சரியாக ஐந்தாண்டின் பின், 1995 ஒக்ரோபர் 30 இலே, வலிகாமத்து மக்கள் செம்மணி வழியாகவும் நாவற்குழி வழியாகவும் இடம்பெயர்ந்தனர். போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. இவற்றை நேரிற் கண்டோர் மூப்படைந்து வருகின்றனர். 1981 இலே நம் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. இடப்பெயர்வுகளின்போது வீடுகளிலிருந்த உறுதிகளும் படங்களும் கடிதங்களும் அழிந்தன. முகாம்களிலே இறுதிவரை எஞ்சியோர் எவர், காணியிருந்தோரா இல்லாதோரா? திரும்பிவந்த ஊரிலே கோயில் நிருவாகம் எவர் கைக்கு வந்தது? பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்க, ஊரிலுள்ள தாயின் கொள்ளியை வைப்பவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை தெரிந்தோர் இருக்கும்போதே வினவுதல் வேண்டும். தவறின், முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த நம்மவரை ஒல்லாந்த உத்தியோகத்தரின் எழுத்தால் அறிவதுபோல, இன்றைய நம்மையும் பிறர் எழுத்தாலேயே நம் பேரர் அறிவர்.

இதற்கான மூலங்கள் நம் வீடுகளிலேயே கிடக்கின்றன. நம் நாட்டுக்கே சிறப்பானதொன்றைக் கூறுவோம். ஒருவர் இறந்து 31 ஆம் நாள் அந்தியேட்டியின்போது "கல்வெட்டு" என ஒரு சிறுநூல் அச்சிட்டு வழங்குவது நம் வழக்கம். தோத்திரப் பாடல்களும், வம்சாவளியும், மனைவி மக்கள் புலம்பலும் அதில் இடம்பெறும். தமிழாசிரியராதலின் அப்புலம்பற் செய்யுள்களைப் பாடித்தருமாறு எம்மையும் கேட்டு வருவர். வம்சாவளியைக் கையில் தரும்போது, எவரை முதலிற் சொல்வது, எவரை விடுவது, காதலித்து மணந்து சென்ற மகளை எவ்வாறு குறிப்பது என்று வீட்டார் தமக்குள்ளே விவாதிப்பர். ஒரு தலைமுறையின் கல்வெட்டுக்களை நிரைப்படுத்தினால், தொழில், ஊர், மணத்தொடர்பு, புலப்பெயர்வு யாவும் அதிலே தெரியும். நூலக நிறுவனத்தார் 2005 முதல் நம் நூல்களையும் மலர்களையும் மின்வடிவில் பாதுகாத்து வருவதால், இவற்றுட் பலவற்றை இன்று எவரும் படிக்கலாம். இளங்கலை மாணவருக்கு இதனினும் ஏற்ற களம் கிடைப்பதரிது.

நிற்க, பெற்றோரின் வினாவுக்கு மறைக்காது விடை கூறல் வேண்டும். இப்பட்டம் வைத்தியத்தையும் பொறியியலையும் போல ஒரு தொழிலுக்கு நேரே இட்டுச் செல்வதன்று. கலைப் பட்டதாரிகள் வேலை வேண்டி 2017 இலே யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தின் முன் மாதக்கணக்கிற் போராடியிருந்ததை எல்லாரும் அறிவோம். ஆசிரியராகவும், அபிவிருத்தி உத்தியோகத்தராகவும், சமூக சேவை உத்தியோகத்தராகவும், நன்னடத்தை உத்தியோகத்தராகவும் இத்துறையினர் பணிபுரிகின்றனர். தொண்டு நிறுவனங்களிலும் ஆய்வு நிறுவனங்களிலும் இடம் உண்டு. ஆங்கிலமும் புள்ளிவிபரமும் கைவந்தவருக்கு வாய்ப்பு மிகும். பட்டச் சான்றிதழை மாத்திரம் நம்பியிருப்போர் காத்திருக்க நேரும். இதனையறிந்தே தெரிந்தெடுத்தல் வேண்டும். ஆயின், "வேறொன்றுங் கிடைக்காததால்" எடுக்கும் பாடமென்று இதனை இழித்துரைப்பதை நாம் உடன்படோம். ஒரு பிள்ளை வீட்டை விட்டுப் போனதேன், ஒரு கிராமத்தில் ஒரு திட்டம் தோற்றதேன் என்று காரணங் காணவல்லோர் இல்லாத ஊரிலே வைத்தியரும் பொறியியலாளரும் மாத்திரம் இருந்து நிறைவில்லை.

இத்துறையை மேற்கொள்ளும் மாணவர்க்கு இரண்டு சொல்வோம். தந்தவரின் பெயரை மறைத்துக் காப்பது ஆய்வாளரின் முதற்கடன்; ஊரார் நம்பிச் சொன்னதைச் சந்தியிலே சொல்பவர் அடுத்த முறை எவ்வீட்டுப் படலையையும் திறவார். மற்றது, தம் வீட்டைப் பற்றி எழுத அஞ்சி அடுத்த வீட்டைப் பற்றி மாத்திரம் எழுதுதல் முறையன்று. தம் குடும்பத்தின் உறுதியையும் வம்சாவளியையும் முதலில் விரித்துப் பார்த்தவரே பிறரிடம் வினவும் உரிமையுடையோர்.

பழைய மாணவர்களாகிய உங்களிடம் வேண்டுவது வேறு. குறிப்பேட்டுடன் ஓர் இளைஞரோ யுவதியோ உங்கள் விறாந்தையில் வந்து இருக்கும்போது, "எங்கட ஊரில அப்படி ஒண்டும் இல்லை" என்று கூறி அனுப்பிவிடாதீர்கள். தேநீர் கொடுத்து, தெரிந்ததைத் தெரிந்தவாறே சொல்லுங்கள். அலுமாரியிற் கிடக்கும் பழைய உறுதிகளையும் கல்வெட்டுக்களையும் கடிதங்களையும் குப்பையோடு எரிக்கவேண்டா. புலம்பெயர்ந்து வாழ்வோர், அங்குள்ள வாழ்க்கையையும் எழுதி வையுங்கள். அதுவும் யாழ்ப்பாணத்தின் வரலாறே. கல்லூரியின் சேர்வுப் புத்தகங்களும் கூட்ட அறிக்கைகளும் கறையான் தின்னுமுன் படியெடுக்கப்படுதல் வேண்டும். நம் சங்கம் இவ்விழா ஆண்டிலே அப்பணிக்கு ஒரு சிறு குழுவை அமைக்குமாயின், அதற்கு வேண்டிய எழுத்துப் பணியை மகிழ்வுடன் ஏற்போம்.